வணிகக் கட்டடம் கட்டப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன்னால் சோனையும் ரோட்டையும் பாருங்கள்

கடை கட்ட இடம் தேடுகிறவர்கள் விலை பேசுகிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், அட்வான்ஸும் கொடுத்துவிட்டு அப்புறம்தான் இன்ஜினியரிடம் போய் "இங்கே எவ்வளவு கட்டலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. நான் சொல்வது தமிழ்நாட்டு நிலவரம். இங்கே 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை, அதில் அடிக்கடி திருத்தம் வருகிறது என்பதால் பழைய பிடிஎஃப்பை நம்ப வேண்டாம்.

முதலில் சோன், அதாவது அந்த இடத்தை எந்தப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகைப்படுத்தியிருக்கிறது என்பது. அதைக் கேட்க வேண்டிய அலுவலகம், சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). சர்வே எண்ணைக் கொடுத்து அந்த இடம் முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்று எழுத்து மூலமாக வாங்குங்கள். பக்கத்து இடத்தில் கடை ஓடுகிறது என்பது ஆதாரமே இல்லை, அதற்கு அனுமதி இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். முதன்மைக் குடியிருப்பில் அளவுக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு இடம் உண்டு, பெரிய ஷோரூமுக்கு இல்லை. விவசாய சோன் என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை வந்தால் அதையும் தாண்டி வர வேண்டும். "மாத்திக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால், மாறிய பிறகு கிரயம் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ரோடு, பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பதை உங்கள் மனையைவிட எதிரே உள்ள ரோட்டின் அகலம்தான் அதிகமாகத் தீர்மானிக்கிறது. 18.30 மீட்டர் உயரம் வரை உயரமில்லாக் கட்டடம், அதற்கு எஃப்எஸ்ஐ (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. அதாவது 10 சென்ட் மனை 4,356 சதுர அடி, அதில் கணக்குக்கு வரும் கட்டடப் பரப்பு 8,712 சதுர அடி. அதற்கு மேலே உயரம் போனால் உயரக் கட்டடம், எஃப்எஸ்ஐ 3.25 வரை கிடைக்கும், ஆனால் முழுசாகக் கிடைக்க 18 மீட்டர் ரோடு வேண்டும், சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும், தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் என்று தனித்தனி தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். பத்திரத்தில் "40 அடி ரோடு" என்று இருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோடு சேரும் இடம் வரை அளந்து பாருங்கள், எஃப்எம்பி ஸ்கெட்ச்சோடும் (சர்வே எண்ணுக்கான அரசு நில அளவை வரைபடம்) ஒத்துப் பாருங்கள். நடுவில் ஒரு பழைய வீடு திண்ணையை நீட்டிக்கொண்டு நின்றாலே ஃபைலில் கேள்வி வந்துவிடும்.

பார்க்கிங்கையும் இந்தக் கட்டத்திலேயே யோசிக்க வேண்டும். ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் தூண்களுக்கு நடுவே வண்டி திரும்பும் பாதையையும் சேர்த்து வரைந்தால் தரைத்தளமே அதற்குப் போய்விடும், நீங்கள் வாடகைக்கு விட நினைத்ததும் அதே தரைத்தளம்தான். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளிக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும்.

இதெல்லாம் சரியாக வந்தால் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபடத்தோடு ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பம். உரிமையாளரே சான்றளித்து உடனே அனுமதி வாங்கும் சுயசான்றுத் திட்டம் 2024-ல் வந்தது வீடுகளுக்காகத்தான், கடைக்கு அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகுதான் ஆசை வரும், "ஒரு அடி நீட்டிக்கலாம், மேலே ஒரு ஃப்ளோர் போட்டுக்கலாம்" என்று. 2011-ல் தி.நகரில் வரிசையாகக் கடைகளுக்குச் சீல் வைத்ததை நினைத்துப் பாருங்கள், வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்த கட்டடங்கள் அவை. பணி முடிப்புச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடைக்காது. 300 சதுர மீட்டருக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் சிறு வணிகக் கட்டடத்துக்கு 2024-ல் இந்தச் சான்றிலிருந்து விலக்கு கொடுத்தார்கள், ஆனால் விலக்கு சான்றுக்குத்தான், விதிமீறலுக்கு இல்லை. வங்கிக் கிளையோ பெரிய பிராண்டோ வாடகைக்கு வரும்போது முதலில் கேட்கும் காகிதமும் பணி முடிப்புச் சான்றுதான். அதனால் பிளானை மாற்றியே ஆக வேண்டும் என்றால் கான்கிரீட் போடும் முன்னால் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிவிடுங்கள், போட்ட பிறகு இடிப்பதற்கும் நீங்கள்தான் செலவு செய்ய வேண்டியிருக்கும்.