குன்னூர் குளிரில் சிக்லிட் தொட்டி

போன டிசம்பரில் புதுத் தொட்டியில் எட்டு மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்) விட்டேன். நாலாம் நாளே மீன்களின் உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், கூடவே ஓயாத சண்டை. புள்ளிக்கு மருந்து தேடி ஓடுமுன் தண்ணீரில் அமோனியாவை (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) சோதியுங்கள். புதுத் தொட்டியில் அது ஏறித்தான் இருக்கும். தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி. குளோரின் நீக்கி, வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். நான் அவசரப்பட்டு அப்படியே ஊற்றினேன், ஒரு மீன் போனது. ஹீட்டரை நாளுக்கு 2 டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, ஏர் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். புள்ளி மறைந்தாலும் பத்து நாள் சூட்டைக் குறைக்காதீர்கள். புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி அடிமணலில் பெருகிக்கொண்டிருக்கும்.

சரி, சண்டை? அடிக்கும் ஆணை ஹீட்டர் போட்ட வாளிக்கு மாற்றி, கற்களையெல்லாம் கலைத்து அடுக்குங்கள். மூன்று நாள் கழித்து விட்டால் பழைய எல்லை இருக்காது. என் நீலப்பயல் அரை மணி நேரம் மூலையில் திருதிருவென விழித்தான்.