கையெழுத்துப் போடாதவர்களையும் சுடும் ஆய்வு: உளவியல் மாணவர்கள் இடறும் இடங்கள்

உளவியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் ஒவ்வொரு வருடமும் கேள்வித்தாளைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரேக் வருவதற்குள், "அக்கா, நெறிமுறைக் குழு பாஸ் பண்ணிட்டாங்க, இனிமே பிரச்சினை இல்ல" என்பார்கள். ஆய்வைத் தொடங்குமுன் அனுமதி தரும் பல்கலைக்கழகக் குழுவைத்தான் சொல்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது முப்பது நாற்பது பேர். ஆய்வேடு பேசப்போவதோ கையெழுத்தே போடாத ஒரு கூட்டத்தைப் பற்றி. அவர்களிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்?

அமெரிக்க உளவியலாளர்கள் ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி இருவரும் 1988-இல் எழுதியது இதைத்தான். பங்கேற்பவருக்கோ, அவர் யாருக்குப் பிரதிநிதியாக நிற்கிறாரோ அந்தக் கூட்டத்துக்கோ சமூக விளைவைக் கொண்டுவரக்கூடிய ஆய்வை அவர்கள் தனி வகையாகவே பிரித்தார்கள். ஆய்வுக் கேள்வி, பங்கேற்பவரை நடத்தும் விதம், ஆய்வு நடக்கும் நிறுவனச் சூழல், முடிவுக்குப் பொருள் சொல்லிப் பயன்படுத்துவது என நான்கு இடங்களில் கவனம் வேண்டும் என்றார்கள். நம் மாணவர்கள் இரண்டாவதில் மட்டும் கவனமாக இருக்கிறார்கள்.

கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. "இந்திய இளைஞர்கள் ஏன் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள்?" என்று ஒரு தலைப்பு வந்தது. கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன்: "இதில் 'இந்திய' என்ற சொல்லுக்கு என்ன வேலை? காரணமா, இல்லை உனக்குக் கிடைத்தவர்கள் அவர்கள்தானா?" கிடைத்தவர்கள்தான். வேறு இனத்துப் பையன்கள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. அதே மலிவு விலை அடுக்குமாடியில் வளர்ந்து, கும்பல் பக்கமே போகாத அண்ணன் தம்பிகளும் இல்லை. ஒப்பிட யாரும் இல்லாதபோது இனத்தைப் பற்றி அந்த ஆய்வு எதையுமே சொல்ல முடியாது. ஆனால் தலைப்பு சொல்லிவிடுகிறது. ஆய்வேட்டின் 80 பக்கத்தையும் படிக்க ஆளில்லை, தலைப்பைப் படிக்க ஊரே இருக்கிறது.

இரண்டாவது தவறு, சோதனை எதை அளக்கிறது என்று பார்க்காமல் மதிப்பெண்ணை நம்புவது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17.5 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு டென்னிஸ் திடலில் வலை விடுபட்டிருக்கும், அதைக் கண்டுபிடித்து வரைய வேண்டும். டென்னிஸையே பார்த்திராத விவசாயி என்ன செய்வான்? கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் அந்தத் தரவை வைத்து 1923-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த குடியேறிகள் அங்கேயே பிறந்தவர்களுக்கு இணையாக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். நமக்கு உடனே தோன்றுவது, பழகப் பழக மதிப்பெண் ஏறியிருக்கிறது என்பதுதான். அவருக்கோ, பிற்பாடு வந்த இனங்கள் தரம் குறைந்தவை என்று தோன்றியது. 1930-இல் அவரே தன் முடிவுக்கு அடிப்படை இல்லை என்று எழுதினார். அதற்குள் 1924-இல், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று ஒதுக்கீடு வைத்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு அந்த நூல்தான் காரணமா என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் முடிவைத் திரும்பப் பெற்ற பிறகும், நாட்டுவாரி ஒதுக்கீடு 1965 வரை நின்றது.

இது நம்மூர்க் கதை இல்லையே என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் உட்காரும் பிள்ளையிடம் மலாய் மொழியில் ஒரு சோதனையை நீட்டினால், வருகிற மதிப்பெண்ணில் அறிவு எவ்வளவு, மலாய் எவ்வளவு?

சரி, தமிழாக்கினால் தீர்ந்ததா? அங்கேயும் ஒரு குழி. மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் டாஸ்-21 என்ற அளவுகோலில் டிப்ரெஷன், ஆங்சைட்டி, ஸ்ட்ரெஸ் மூன்றுக்கும் தலா ஏழு வாக்கியங்கள். தமிழில் ஸ்ட்ரெஸ்ஸையும் 'மன அழுத்தம்' என்கிறோம், டிப்ரெஷனையும் பல பேர் 'மன அழுத்தம்' என்றே எழுதுகிறார்கள். தேர்வு நேரத்துப் படபடப்பும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய மனச்சோர்வும் ஒரே சொல்லாகிவிட்டால், பெற்றோர் கைக்குப் போகும் அறிக்கை வீட்டில் என்ன கலவரத்தைக் கிளப்பும்! போதாததற்கு, ஸ்ட்ரெஸ் மட்டும் உள்ள பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வரை கூடவே வரும் ஒரு முத்திரை.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கைக்கும் ஒரு சொல். "பினாங்கில் ஒரு முருகன் கோயிலின் முன்னாள் செயலாளர், 58 வயது, இரண்டு மகள்கள், மூத்தவள் மருத்துவர்" என்று எழுதிவிட்டு அவருக்கு 'திரு. க' என்று பெயர் வைப்பதால் என்ன பயன்? பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் தாண்டுவதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நம் சமூகம் சின்னது. வயது, பதவி, ஊர், பிள்ளைகள் இவற்றில் எதைக் கலைத்தால் ஆய்வின் பொருள் கெடாது என்று பார்த்துக் கலைக்க வேண்டும்.

கோயில் தலைவரோ தலைமையாசிரியரோ தலையாட்டினால் எல்லோரும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். தலைவர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியை நடுவில் சொருகிவிட்டு, 'ஆம்' என்று ஒருவர் சொன்னால் அன்று மாலை யாரை அழைப்பது என்று யோசிக்காமல் இருப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் ஒன்று. 2023-இல் சட்டத்தைத் திருத்தும்வரை மலேசியாவில் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் குற்றமாகவே இருந்தது. அதற்கு முன், முயன்று பார்த்ததாக ஒருவர் சொன்னதை யாராவது பெயரோடு குறித்து வைத்திருந்தால், அந்த ஆய்வுத்தாள் ஒரு குற்றத்தின் எழுத்துப் பதிவு. இன்று சட்டம் மாறிவிட்டது. ஆனால் பயம் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வம்பே வேண்டாம் என்று 'சமூக ஊடகமும் தூக்கமும்' பக்கம் ஓடிவிடுகிறார்கள் சிலர். அதுவும் தவறுதான். ஸ்டீபன் செசியும் அவருடைய சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கற்பனை ஆய்வுத் திட்டங்களை அமெரிக்க நெறிமுறைக் குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில் பாகுபாடு காட்டுவது போன்ற சூடான விஷயத்தைத் தொட்டவை, தொடாதவற்றைவிட இரண்டு மடங்கு நிராகரிக்கப்பட்டன. குழுவும் ஒதுக்கி, மாணவரும் ஒதுங்கினால், அந்த அடுக்குமாடிப் பையன்களைப் பற்றிப் பேச மிச்சம் இருப்பது காப்பிக்கடை வாய்தான்.

குண்டர் கும்பல் தலைப்போடு வந்த அந்தப் பெண் ஒதுங்கவில்லை. ஒரே வீட்டில் கும்பலில் சேர்ந்தவனையும் சேராதவனையும் வைத்துக் கேள்வியை மாற்றினாள், தலைப்பிலிருந்து இனத்தை எடுத்தாள். அப்புறம் வரைவை அந்தப் பையன்களின் தாய்மார்களிடமே எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினாள். அவர்களில் ஒருவர் ஒரே ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாராம்: "கவனிக்காத தாய்னு போட்டிருக்கியே பாப்பா, ரெண்டு ஷிப்ட் வேலைனு போடு."