நுவரெலியா செல்வோருக்கு: இரண்டு இரவுகளாவது தங்குங்கள்

வெளிநாடுகளில் இருந்து விடுமுறைக்கு ஊர் வரும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் நுவரெலியாவுக்குப் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதுதான் கிடைக்கிறது. கண்டியில் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வாகனத்தில் ஏறி, மதியம் கிரகரி வாவியில் படகு விட்டு, சீதையம்மன் கோயிலில் கும்பிட்டு, இரவோடிரவாகத் திரும்பிவிடுகிறார்கள். இப்படிப் போனால் வளைவுகளில் தலைசுற்றியதுதான் மனதில் நிற்கும். கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரைக் காலையில் பார்க்க வேண்டும். பிற்பகலானால் முகில் இறங்கித் தூறத் தொடங்குவது அங்கே வழக்கம். இரண்டு இரவுகள் தங்கினால்தான் இரண்டு முழுக் காலைகள் கைக்கு வரும். ஒன்றை ஹோர்ட்டன் சமவெளிக்கும் மற்றதைத் தேயிலைத் தோட்டத்துக்கும் கொடுக்கலாம்.

எந்த மாதத்தில் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரையான காலம் மலைநாட்டைப் பார்க்க மிக உகந்தது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம் என்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். அந்தக் கலகலப்பை விரும்புவோர் போகலாம், ஆனால் அறை வாடகை பல மடங்காகும், வீதிகளில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். நல்லூர்த் திருவிழாவுக்காக யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருபவர்கள், யாழ்ப்பாணத்தில் வெயில் கொளுத்தும் அதே நாட்களில் நுவரெலியாவில் தென்மேற்குப் பருவக்காற்று மழையும் காற்றுமாக வீசும் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும். அங்கு வீசும் காற்றுக்குக் குடை நிற்காது. மழை அங்கிதான் உதவும்.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். கனடாவிலும் நோர்வேயிலும் பனியில் வாழ்ந்து பழகியவர்கள், பத்துப் பாகைக் குளிர் தங்களை என்ன செய்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும். நுவரெலியாவின் சாதாரண விடுதிகளில் அது கிடையாது. ஈரம் ஊறிய சுவர்களும் விறைத்த தரையும் இரவு முழுவதும் குளிரைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனியே படிவதுண்டு. அறை பதிவு செய்யும்போது வெப்பமூட்டி உண்டா, சுடுதண்ணீர் காலையிலும் வருமா, மேலதிகக் கம்பளி தருவார்களா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். ஒரே மூச்சில் போய்ச் சேரலாம்தான், ஆனால் மலைப் பாதையின் மிகக் கடினமான பகுதி இருட்டில் வந்து வாய்க்கும். ஆகவே கண்டியில் ஓர் இரவு தங்கி, காலையில் கம்பளை, புசல்லாவை வழியாக ஏறுவதே நல்லது. இந்த வீதியில் இறம்பொடையில் நீர்வீழ்ச்சி வீதியோரத்தில் இருந்தே தெரியும். அதற்கு அருகே சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயில் குன்றின் மீது இருக்கிறது. அங்கு நின்று கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்ப்பதற்காகவே அரைமணி நேரம் ஒதுக்கலாம். கொழும்பில் இருந்து வருவோருக்கு அவிசாவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக இன்னொரு பாதை உண்டு. அதில் டெவன், சென் கிளேயர் ஆகிய இரு நீர்வீழ்ச்சிகளும் வீதியில் இருந்தே தெரியும். சென் கிளேயரின் நீர் ‘மேல் கொத்மலை’ மின் திட்டத்துக்குத் திருப்பப்படுவதால், பழைய படங்களில் உள்ள பெருக்கை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மட்டக்களப்பில் இருந்து வருபவர்கள் செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதியில் ஏறினால் பதுளை, வெலிமடை, ஹக்கலை வழியாக நேரே நுவரெலியாவுக்கு வந்துவிடலாம். எந்தப் பாதையானாலும் மலை வீதியில் பழகிய சாரதியை அமர்த்துங்கள். ஐரோப்பாவில் இருபது ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது எவ்வளவு ஒதுங்குவது என்பது அங்கே ஓட்டிப் பழகியவருக்குத்தான் கைவரும்.

புகையிரதத்தில் வருவோர் நானுஓயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஓட்டோவில் அரைமணி நேரத்துக்குள் போகலாம். முன்பதிவு இருக்கைகள் விற்பனைக்கு வந்ததும் தீர்ந்துவிடுவதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அந்த வேலையைப் பார்க்க வேண்டும். நானுஓயாவில் இருந்து எல்ல நோக்கிச் செல்லும் பகுதியே இந்தப் பாதையின் சிறப்பு. நாட்டின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டி ஒரு சுரங்கத்தைக் கடந்ததும், மேற்குப் புறத்துப் பச்சை மறைந்து ஊவாவின் அகன்ற பள்ளத்தாக்கு கண்முன் விரியும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலையகத்தின் வீதிகளும் தண்டவாளமும் பல இடங்களில் மண்சரிவுக்கு உள்ளாயின. எனவே புகையிரதம் எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் முன் விசாரித்தே திட்டம் போடுங்கள். தொடர்மழை நாட்களில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கத் தயங்காதீர்கள்.

ஊருக்குள் பார்ப்பதற்கு அரை நாள் போதும். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட வாவியைச் சுற்றி நடப்பது இதமானது. அன்னப் படகும் நீர் ஸ்கூட்டரும் பிள்ளைகளுக்காக வேண்டுமானால் சரி. எனக்கு விருப்பமானது விக்டோரியா பூங்கா. வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் காலை ஏழு மணியளவில் அங்கே போனால், கையில் தொலைநோக்கியுடன் நிற்பவர்களின் பின்னால் அமைதியாக நின்றாலே இமயமலைப் பக்கத்தில் இருந்து வந்த குருவிகளைப் பார்த்துவிடலாம். செங்கல் நிறத்தில் நிற்கும் பழைய தபால் நிலையம் இன்னும் இயங்குகிறது. அங்கிருந்து ஒரு தபால் அட்டை அனுப்புங்கள். நாட்டின் மிக உயரமான மலையான 2,524 மீற்றர் பீதுருதாலகாலை ஊருக்கு மேலேயே தெரிந்தாலும், உச்சியில் தொலைத்தொடர்பு நிலையமும் படை முகாமும் இருப்பதால் நினைத்தவுடன் நடந்து ஏறிவிட முடியாது.

வெலிமடை வீதியில் ஐந்து கிலோமீற்றர் போனால் சீதாஎலிய. அசோகவனம் இதுவே என்ற நம்பிக்கையால் இந்தியாவில் இருந்தும் ஏராளமான அடியார்கள் வருகிறார்கள். ஓடையின் ஓரத்துப் பாறையில் உள்ள பள்ளங்களை அனுமனின் பாதச் சுவடுகள் என்று காட்டுவார்கள். கோயில் வீதியை ஒட்டியே இருப்பதால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்; அர்ச்சனைத் தட்டில் உள்ள வாழைப்பழத்துக்குக் குரங்குகள் காத்திருக்கும். அதே வீதியில் இன்னும் சிறிது தூரம் போனால் ஹக்கலை தாவரவியல் பூங்கா. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்ட இடம் இது. பேராதனையின் பனை வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இங்கே முற்றிலும் வேறான தாவரங்கள் காத்திருக்கின்றன: ஆளுயரத்துக்கும் மேலான மரப் பன்னங்கள், சைப்பிரஸ் மரங்கள், ரோசாத் தோட்டம், இவற்றின் பின்னால் செங்குத்தாக எழும் ஹக்கலைப் பாறை.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியுமுன்னரே கிளம்ப வேண்டும். ஐந்து மணிக்கு முன்பே வாகனத்தில் ஏறினால் அம்பேவலைப் பால்பண்ணையின் புல்வெளிகளையும் பட்டிப்பொலவையும் தாண்டி வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இவ்வளவு அவசரம் எதற்கென்றால், ஒன்பது, பத்து மணியளவில் பள்ளத்தாக்கில் இருந்து முகில் மேலேறி, ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்தான மலை விளிம்பை மூடிவிடும். பிந்திப் போனவர்களுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பைகளுக்கும் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் அனுமதியில்லை. சாப்பாட்டை மூடியுள்ள பெட்டியிலும், தண்ணீரை மீண்டும் பாவிக்கக்கூடிய போத்தலிலும் எடுத்துச் செல்லுங்கள். சமவெளிக்குள் நுழைந்ததும் வீதியோரத்தில் மரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவை ஆட்களுக்குப் பழகியவை என்பதற்காகப் பிஸ்கட் நீட்டாதீர்கள். அது தடைசெய்யப்பட்டது, விலங்குக்கும் கேடு.

நடைபாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் வட்டம். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முதலில் சின்ன உலக முடிவின் பக்கம் திரும்பி, உலக முடிவைப் பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்புங்கள். உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் நேர்கீழாக இறங்குகிறது. தெளிவான காலையில் கீழே தோட்டங்களும் குளங்களும் சிறு துண்டுகளாகத் தெரியும். பாறை விளிம்பில் படம் எடுக்கப் போய்த் தவறி விழுந்தவர்கள் உண்டு. இளையவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்தச் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால் வழக்கத்தைவிட விரைவாக மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் வட்டத்தை முடிக்க முயலாமல், புல்வெளியில் சிறிது தூரம் நடந்துவிட்டு வாகனத்துக்குத் திரும்பினாலும் வந்த பயன் கிட்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த ஈரப் புல்வெளியில் இருந்து நீர் போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு நாட்டின் ஆறுகள் தொடங்கும் இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு நெடுநாள் நிலைக்கும்.

அடுத்த காலை தேயிலைக்கு. ஊரில் இருந்து கந்தப்பளை போகும் வழியில் பீட்ரு தோட்டத்தின் தொழிற்சாலையும், கண்டி வீதியில் லபுக்கலைத் தொழிற்சாலையும் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. நீண்ட தொட்டிகளில் பரப்பிய கொழுந்தைக் காற்றில் வாட்டி, உருளைகளில் அரைத்து, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, சல்லடைகளில் தரம் பிரிப்பதுதான் வேலை. புளிக்கவைக்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள்: பச்சையாக வந்த இலை செப்பு நிறத்துக்கு மாறுவதும், பச்சை மணம் போய்ப் பழம் பழுத்தது போன்ற மணம் எழுவதும் அங்கேதான். நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறச் சாயம் கொண்டது; அதைப் பால் விடாமல் குடித்தால்தான் அதன் மணம் தெரியும்.

தொழிற்சாலையைப் பார்த்ததுடன் தேயிலையைப் பார்த்துவிட்டதாக எண்ணாதீர்கள். 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்டு, 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலையை நட்டு வளர்த்தவர்களின் வழித்தோன்றல்களே இந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் தீர்ந்தது. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். கடையிலும் பஸ்ஸிலும் தமிழிலேயே பேசலாம். வடக்கிலும் கிழக்கிலும் பிறந்து வெளிநாடு போன நம்மில் பலர் இந்த மக்களுடன் ஒரு முறையாவது பேசியிருக்கிறோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீதியோரக் காட்சியிடங்களில் கூடையுடன் நிற்பவர்கள் படத்துக்காகவே நிற்பவர்கள். கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மலையில் வேலை செய்பவர்களின் நிலை வேறு: தலையில் மாட்டிய சாக்கும், இடுப்பில் கட்டிய படங்குமாக, நிறுவைக்கு முன் கணக்கான கிலோவை எட்ட வேண்டிய அவசரத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் நிறுத்திப் படம் எடுப்பது அவர்களின் கூலியில் கை வைப்பதாகும். பேச விரும்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், “அக்கா, கொஞ்ச நேரம் பேசலாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நீங்கள் கேட்பதைவிட உங்களை அவர்கள் கேட்பதே அதிகமாக இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குள் அழைப்பில்லாமல் நுழைய வேண்டாம், பிள்ளைகளுக்கு வீதியில் இனிப்பும் காசும் கொடுக்க வேண்டாம். உதவ மனமிருந்தால் அருகில் உள்ள தோட்டப் பாடசாலையின் அதிபரைச் சந்தித்து, என்ன தேவை என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

செலவைப் பற்றி: ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலையிலும் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கட்டணம். தமிழில் பேசுவதால் குறைத்துவிட மாட்டார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் வைத்திருந்தால் உள்ளூர்க் கட்டணத்தைக் கேட்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்கள் வாசலில் வாக்குவாதப்படாமல் கட்டிவிடுவது மரியாதை. திரும்பும் வழியில் வீதியோரத்தில் லீக்ஸ், கரட், பீற்றூட் எல்லாம் மண் கழுவிய பசுமையுடன் அடுக்கியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்குப் போவதானால் இனிப்புப் பெட்டியைவிட இந்த மரக்கறிப் பைக்குத்தான் வரவேற்பு அதிகம். இறங்கும்போது சாரதியிடம் இரண்டைச் சொல்லுங்கள்: பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சிறிய கியரில் இறங்க வேண்டும், இறம்பொடை வளைவுகளை இருட்டுவதற்கு முன் தாண்டிவிட வேண்டும். அதற்கு நுவரெலியாவில் இருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள் புறப்பட்டால் போதும்.