தைராய்டு மாத்திரை: செயற்கையா, இயற்கையா?

தைராய்டு சுரப்பு குறைந்திருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னதும் பலருக்கு எழும் கேள்வி: "இயற்கை மருந்து இருக்கிறதாமே, அதையே சாப்பிடலாமா?" அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எது என்ன?

செயற்கை மருந்து லெவோதைராக்ஸின். நம் கழுத்துச் சுரப்பி சுரக்கிற டி4 ஹார்மோனும் இதுவும் ஒரே மூலக்கூறுதான். தனக்கு வேண்டிய டி3 ஹார்மோனை உடல் இதிலிருந்தே தயாரித்துக்கொள்ளும். இயற்கை மருந்து என்று விற்கப்படுவதோ, பெரும்பாலும் பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்த மாத்திரை. மூலிகை என்று நம்பி வருபவர்களும் சைவ உணவுக்காரர்களும் இங்கேயே திகைத்து நின்றுவிடுவார்கள்.

படி 2: கொஞ்சம் கணக்கு

ஒரு கிரெயின் (இந்த மாத்திரையை அளக்கும் பழைய எடை அலகு) பன்றி மாத்திரையில் சுமார் 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3 இருக்கும். அதாவது ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. மனிதச் சுரப்பியில் இது ஏறத்தாழ பதினாலுக்கு ஒன்று. பன்றிக்கு இயற்கையான அளவு நமக்கும் இயற்கை என்று எப்படிச் சொல்வது? டி3 விழுங்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். சிலருக்குப் படபடப்பு வருவது அதனால்தான். டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் அளவு சீராக இருக்கும்.

படி 3: உங்கள் நிலை என்ன?

கர்ப்பிணி, கருத்தரிக்கத் திட்டமிடுபவர், இதய நோயாளி என்றால் யோசனையே வேண்டாம், லெவோதைராக்ஸின்தான். மற்றவர்களுக்கும் மருத்துவர்கள் முதலில் எழுதுவது அதுதான்.

படி 4: முதல் மருந்துக்கு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நானே முதல் சில மாதங்கள் மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு, மருந்து சரியில்லை என்று புலம்பியவன். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் உணவும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை. அதற்கு முன் "வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 5: டிஎஸ்எச் சரியாகியும் சோர்வு போகவில்லையா?

ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கக் கோளாறு ஆகியவற்றை முதலில் பாருங்கள். அவையும் இல்லையென்றால் இயற்கை மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 70 பேருக்கு இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் பன்றி மாத்திரையையே விரும்பினார்கள். ஆனால் அறிகுறிகளின் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கேட்பதில் தவறில்லை, அற்புதத்தை எதிர்பார்ப்பதுதான் தவறு.

படி 6: மாற்றினால்

புதிய அளவை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். கை நடுக்கமோ, படபடப்போ, தூக்கமின்மையோ வந்தால் உடனே சொல்லுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையைப் போடுங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது முடிவைத் தவறாகக் காட்டும். பன்றி மாத்திரை சாப்பிடுபவருக்கு டி4 சற்றுக் குறைவாகத் தெரிவது வழக்கம்தான். அதைப் பார்த்துவிட்டு நீங்களாக அரை மாத்திரை கூட்டிக்கொள்ள வேண்டாம்.