சிறுநீர்ப்பைக் கழுத்து அடைப்பும் லேசர் சிகிச்சையும்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் எனக்கு, 45 வயதிலேயே முக்கினால்தான் சிறுநீர் நூலாக வரும் நிலை ஏற்பட்டது. தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் நெடுநேரம் நிற்கவே அஞ்சினேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்றே பலரும் நினைத்தார்கள். ஸ்கேனில் அது பெரிதாக இல்லை.

சிறுநீரின் வேகத்தை அளந்த தாளில், மணி வடிவில் எழ வேண்டிய கோடு தட்டையாக நீண்டு, உச்சத்திலும் நொடிக்கு 7 மில்லிலிட்டரைத் தாண்டவில்லை. பையின் அழுத்தத்தையும் எக்ஸ்ரே படத்தையும் ஒருசேரப் பார்க்கும் சோதனைதான் காரணத்தைக் காட்டியது: பை வலுவாகச் சுருங்குகிறது, அதன் கழுத்து, அதாவது சிறுநீர் வெளியேறும் வாய்ப்பகுதி மட்டும் திறப்பதில்லை. என்னைப் போன்ற வயதினர் இந்தச் சோதனை செய்யாமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் திடமான கருத்து.

கழுத்துத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை ஓரளவே உதவியது, தலைசுற்றலும் தந்தது. பிறகு, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்தி, கடிகாரத்தில் 5, 7 மணி இருக்கும் திசைகளில் கழுத்துத் தசையை ஹோல்மியம் லேசரால் கீறிவிட்டார்கள். இதன் ஆற்றலை நீர் உடனே உறிஞ்சிவிடுவதால், அது திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட ஊடுருவாது. வெட்டும்போதே இரத்தக் கசிவும் அடைபடுகிறது. வெளியே தையல் கிடையாது.

இளஞ்சிவப்பாக வந்த சிறுநீர் தெளிந்ததும், அது வடிவதற்காகப் பொருத்தியிருந்த குழாயை எடுத்தார்கள். சில வாரங்கள் எரிச்சல் இருந்தது. விந்து பின்னோக்கிப் பைக்குள் செல்லக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே விளக்கினார். குழந்தை வேண்டுவோர் இதை முதலில் கேட்டுத் தெளிய வேண்டும். பின்னர் அளந்தபோது வேகம் நொடிக்கு 19 மில்லிலிட்டராக உயர்ந்திருந்தது. இப்போது முக்க வேண்டியதில்லை.