பூக்கும் நேரத்தில் இலை மஞ்சளாவது: மாடித்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிளகாயும் தக்காளியும் பூவும் பிஞ்சுமாக நிற்கும் நேரத்தில் மஞ்சள் இலை ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, என்ன உரம் வைப்பது என்று புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். எங்கள் வடசென்னை மாடிகளில் முன்பு நடந்த அதே தவறுகள் மீண்டும் நடப்பதால் இதை எழுதுகிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பது, நிழலில் வைப்பது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள்.

எந்த இலை என்று பாராமல் உரம் வைப்பது

தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கும் காய்க்கும் அனுப்பும். அதனால் அடி இலைகளே முதலில் வெளுக்கும். இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. இதே தோற்றம் நுனித்தளிரில் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. காய்ப்பு முடியும் தறுவாயில் அடி இலைகள் சில பழுத்து உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை.

ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய பகுதிகளில் பல வீடுகளின் போர் தண்ணீர் உவர்ப்பானது. ஆர்.ஓ. எனும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியில் மூன்று லிட்டர் தண்ணீர் போய் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மூன்று லிட்டரிலும் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவாக வெளியேறும் மீதி இரண்டு லிட்டரில் தங்கும். அதாவது, ஏற்கெனவே உவர்ப்பான நீர் ஒன்றரை மடங்கு உவர்ப்பாகிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதைச் செடி வளர்க்கும் பைகளில் ஊற்றுகிறார்கள். செடி நீரை உறிஞ்சிக்கொள்ள, வெயில் மீதியை ஆவியாக்க, உப்பின் பெரும்பகுதி பையிலேயே சேர்கிறது. நாற்றுப் பருவத்தில் தெரியாத இந்தச் சேர்மானம், செடி அதிகம் நீர் குடிக்கும் பூப்பருவத்தில்தான் வெளிப்படும்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் மிளகாய்ச் செடிகளில் இலை விளிம்பு கருகி, அடி இலைகள் மஞ்சளாகி, மண் ஈரமாக இருந்தும் செடி வாடியது. பையின் ஓரத்தில் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. ஊட்டக்குறை என்று யாரோ சொல்ல, அவர் மேலும் உரம் வைத்தார். உரமும் உப்புதான் என்பதால் பூக்கள் கொட்டின, செடிகளோடு மண்கலவையையும் கொட்ட வேண்டியதாயிற்று. மிளகாய் தக்காளியைவிட உப்புக்கு எளிதில் துவளும் பயிர்.

அறிகுறி தெரிந்தவுடன் உரத்தை நிறுத்திவிட்டு, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெட்ரோ தண்ணீரையோ மழைநீரையோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வெளியேற விடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூ வந்த பின் யூரியா

வேண்டாம். இலை பச்சையாகும், பூ உதிரும்.

தேமலைச் சத்துக்குறைவு என்று எண்ணுவது

வெண்டையில் நரம்புகளே வலைபோல மஞ்சளானால் அது தேமல், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். எந்த உரமும் தீர்க்காது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

அடைபட்ட அடித்துளை

துளை அடைத்து நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு பையையும் சாய்த்து, துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.