கடலோர பப்பில் மதியச் சாப்பாடு: நாம் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி ஸ்லூப் இன் என்றொரு பப் இருக்கிறது. சுவரிலேயே 1312 என்று ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த உத்தரம், மர பெஞ்சு, தண்ணீர் வற்றினால் மணலில் சாய்ந்து கிடக்கும் படகுகள். இந்த மாதிரி பழைய பப்புக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, நல்ல மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருப்பது. பெரும்பாலான பப்களில் யாரும் வரமாட்டார்கள். வேறொரு ஊரில் நான் இருபது நிமிடம் மெனு கார்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் போய்ச் சொல்லி, பணத்தையும் கட்டிவிட்டு வர வேண்டும். சாப்பாடு மட்டும் தேடி வரும். கவுண்டரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் இருக்கிறது. யார் முதலில் வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டால் முறைப்புதான் கிடைக்கும்.

அடுத்தது நேரம். கடை ராத்திரி வரை திறந்திருக்கும், அடுப்பு அப்படியல்ல. இரண்டு, இரண்டரைக்கெல்லாம் மதியச் சமையலை நிறுத்திவிடும் பப்கள் நிறைய. மூன்று மணிக்குப் போனால் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்தான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் (சுட்ட இறைச்சியோடு வரும் சாப்பாடு) வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் ஏமாறுவது பெயரைப் பார்த்து. யார்க்‌ஷயர் புட்டிங் என்பது இனிப்பே இல்லை. மைதா, முட்டை, பால் கரைத்த மாவைச் சூடான கொழுப்பில் ஊற்றி ஓவன் அடுப்பில் உப்ப வைப்பது. அந்தக் கொழுப்பு பல இடங்களில் மாட்டுக்கொழுப்பு. கிரேவியிலும் இறைச்சிச் சாறு இருக்கும். 'சிப்ஸ்தானே' (அங்கே சிப்ஸ் என்றால் சூடாகப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள்) என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் போட்டிருக்கலாம். தனி எண்ணெயா என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் என்ற பீர் வகை, ஃப்ரிட்ஜ் பீர் போல ஜில்லென்று இருக்காது. 11 முதல் 13 டிகிரி, நிலவறைக் குளிர்ச்சி. கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பைண்ட் 568 மில்லி. சந்தேகமிருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், அப்புறம் அரை பைண்ட் வாங்கலாம்.

சரி, வெயில் அடிக்கிறதே என்று தட்டை வெளியே எடுத்துப் போகிறீர்களா? அங்கேதான் சாப்பாட்டைப் பறிக்கக் கடற்காகம் காத்திருக்கிறது. 2019இல் வெளியான எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வொன்று கார்ன்வால் கடலோர ஊர்களில்தான் நடந்தது. சிப்ஸ் பையை முன்னால் வைத்துவிட்டு மனிதர் உற்றுப் பார்த்தபோது, அந்தப் பறவைகள் நெருங்க சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. பார்வை படும் வரைதான் அதற்குப் பயம். அதனால் போன் எடுத்துக் கடலைப் படம் பிடிப்பதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள்.